படியால் அளந்த டிஸ்க்

ஆவடி
ஜூன் 10, 2024

கனிமொழிக்கு,

போன் அடித்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் கடை மெயிலில் இருந்து எழுதுகிறேன். இதையாவது படித்துத் தொலை.

நீ கடையை விட்டுப் போன அன்றைக்கு என் வீட்டுக்காரர் ஜெயராமன் நடுவில் உட்கார்ந்து சாமான்களைப் பிரித்தார். ஆளுக்கு ஒரு கேமரா. நாம் எடுத்த கல்யாண வீடியோ எல்லாம் இருக்கும் நாலு டிபி டிஸ்க் கடைக்கு. டிஸ்கை மாட்டி வைத்திருந்த யூஎஸ்பி பெட்டி நீ வாங்கியது, அதனால் அது உனக்கு. நானே ஸ்க்ரூவைக் கழற்றி டிஸ்கை எடுத்துக்கொண்டு வெறும் பெட்டியை உன் கையில் கொடுத்தேன். நியாயமாகத்தானே நடந்துகொண்டேன்?

போன வாரம் அந்த டிஸ்கைக் கம்ப்யூட்டருக்குள் மாட்டினேன். "ஃபார்மேட் செய்தால்தான் இதைப் பயன்படுத்த முடியும்" என்கிறது. ஒரு கல்யாணம் இல்லை, ஒரு வளைகாப்பு இல்லை, மொத்தமும் காலி. போகிற போக்கில் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

ரேவதியை மறந்திருக்க மாட்டாய். நூம்பல் அம்மன் கோயிலில் கல்யாணம். நீ கேமரா பிடித்தாய், நான் லைட் பிடித்தேன். அவள் புருஷன் கிருபாகரன் அவளைக் கட்டிய துணியோடு துரத்திவிட்டான். ஜீவனாம்சம் கேட்டுப் பூந்தமல்லி கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறாள். அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? "எனக்கும் இவளுக்கும் கல்யாணமே நடக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். பூசாரி அவனுடைய சித்தப்பா, வாயைத் திறக்க மாட்டார். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. ஆல்பமும் பென்டிரைவும் அவன் வீட்டில் இருக்கின்றன. இவள் பக்கத்தில் வந்தது அம்மா ஒருத்திதான், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நீயும் நானும் பார்த்தோம் என்று வெறும் வாயால் சொன்னால் கோர்ட்டில் நிற்காதாம். கல்யாணம் நடந்ததற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த டிஸ்க்.

தினமும் கடைக்கு வந்து நீ உட்காரும் ஸ்டூலில் உட்கார்கிறாள். "அக்கா, கெட்ச்சுதா?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்வது? என் மேல் இருக்கும் கோபத்துக்கு அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? வேறு காப்பி வைத்திருந்தால் கொடு.

கஸ்தூரி

*

அண்ணனூர்
ஜூன் 12

கஸ்தூரி அக்காவுக்கு,

பழகிய தோஷத்துக்கு அக்கா என்று எழுதுகிறேன்.

நான் எதையும் அழிக்கவில்லை. நீங்கள் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எல்லா ஃபோல்டரையும் திறந்து காட்டினேன். நீங்களும் ஜெயராமன் அண்ணனும் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு அந்த டிஸ்க் என் கைக்கு வரவே இல்லை. கையில் தொடாமல் எப்படி அழிப்பது, மந்திரம் போட்டா?

வேறு காப்பியும் இல்லை. இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் இரண்டாக வைப்போம் என்று எத்தனை முறை கேட்டேன்? "இருக்கிறதுக்கே வேலை இல்ல, ரெண்டு எதுக்கு?" என்றீர்கள்.

உங்களுக்குத் தப்பு நடந்தால் உடனே ஓர் ஆள் வேண்டும். வேலப்பன்சாவடி கல்யாணத்தில் என்ன நடந்தது? பென்டிரைவில் காப்பி போட்டது நீங்கள். முகூர்த்த வீடியோ ஒரே ஃபைல். அந்த மாதிரி பென்டிரைவ் நாலு ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை ஏற்காது. ஏற்காது என்று திரையில் எழுதியும் காட்டியது. நீங்கள் "ஸ்கிப்" அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனீர்கள். தாலி கட்டும் இடமே இல்லாமல் பென்டிரைவ் போய்ச் சேர்ந்தது. பெண் வீட்டார் சண்டைக்கு வந்தபோது அத்தனை பேர் நடுவில் என்னைக் கை காட்டி, "இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல, நான்தான் வெச்சு ஓட்டிகினு கீறேன்" என்றீர்கள். அன்றைக்குத்தான் கடையை விட்டு வந்தேன். இப்போது அதே பாட்டை வேறு ராகத்தில் பாடுகிறீர்கள்.

ரேவதிக்காக மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. டிஸ்கைக் கீழே போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

கனிமொழி

*

ஆவடி
ஜூன் 24

கனிமொழிக்கு,

கீழே போட்டேனாம்! என் பிள்ளையைக்கூட இவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை.

ரிச்சி தெருவில் கடை வைத்து, டிஸ்கில் தொலைந்ததை மீட்டுக் கொடுக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டிஸ்க் நல்லாத்தான் கீதும்மா. அடி எதுவும் படல. நாலு டிபி டிஸ்க்ல யாரோ ஐந்நூறு ஜிபிக்கும் கம்மியா ஒரு பகுதிய மட்டும் பிரிச்சு பார்ட்டிஷன் போட்டு வெச்சுகீறாங்க. மீதி இடம் சும்மா கெடக்குது. தெரிஞ்ச ஆளுதான் செஞ்சுகீறாங்க." தெரிஞ்ச ஆள்! கடையில் அதெல்லாம் தெரிந்த ஆள் உன்னைத் தவிர யார்? நானா? எனக்கு மவுஸைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நீதானே. பிரிப்பதற்கு முன்பே ஏதோ ஏற்பாடு செய்து வைத்துவிட்டு, எங்களுக்கு எல்லாம் இருப்பதுபோலத் திறந்து காட்டியிருக்கிறாய்.

அவர் தேடிப் பார்த்ததில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது, எதுவும் ஓடவில்லை. ஃபார்மேட் செய்துவிட்டு மறுபடி தேடுகிறேன் என்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன். வேறு என்ன வழி?

கோர்ட்டில் கிருபாகரனின் அம்மா அஞ்சலை கூண்டில் ஏறி, "இந்தப் பொண்ண நான் பார்த்ததே இல்ல" என்று சத்தியம் செய்திருக்கிறாள். ரேவதி கடைக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கடையைச் சாத்தும்வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானும் வீட்டுக்காரரும் போய் ஸ்டேஷனில் உன் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டோம். இனி அவர்கள் கேட்கிற விதத்தில் கேட்கட்டும்.

கஸ்தூரி

*

அண்ணனூர்
ஜூன் 27

அக்கா,

ஸ்டேஷனில் இருந்து என் ஆபீஸ் ரிசப்ஷனுக்கே போன் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்த வேலை கிடைத்து இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. ரிசப்ஷனில் இருக்கும் லாவண்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏதாச்சும் போலீஸ் கேஸா?" என்று கேட்டாள். மதியத்துக்குள் மாடி முழுக்கப் பரவிவிட்டது. மேனேஜர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

கஞ்சியோ கூழோ ஒரே தட்டில் குடித்தவர்கள் நாம். புகார் எழுதும்போது கை கூசவில்லையா?

இனி எழுதாதீர்கள்.

கனிமொழி

*

அண்ணனூர்
ஜூலை 9

அக்கா,

எழுதாதீர்கள் என்று சொன்ன நானே எழுதுகிறேன். கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை, போனில் பேசினால் சண்டைதான் வரும். ஆனால் இது அவசரம். டிஸ்கை ஃபார்மேட் செய்ய விடாதீர்கள். இன்றைக்கே திருப்பி வாங்குங்கள். வீடியோ எல்லாம் அதில்தான் இருக்கிறது.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆபீசில் எனக்கு விர்ச்சுவல் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் பாவனை செய்வது, அவ்வளவுதான். அதில் ஒன்றுக்கு இடம் போதவில்லை என்று அதன் டிஸ்கை மூன்று டிபி ஆக்கினேன். இரண்டு டிபிக்கு மேல் தொடவே முடியவில்லை. ஒரு டிபி கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு காரணத்தைத் தேடினேன்.

ஒவ்வொரு டிஸ்கின் தொடக்கத்திலும் ஓர் அட்டவணை இருக்கும். எந்தப் பகுதி எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு நீளம் என்று அதில் எழுதியிருக்கும். பழைய வகை அட்டவணையில் அந்த எண்ணை எழுத ஒதுக்கிய இடம் சின்னது. டிஸ்கை ஆழாக்கு ஆழாக்காக அளந்து எண்ணினால், இரண்டு டிபி வருவதற்குள் எழுத இடம் தீர்ந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு அரிசி இருந்தாலும் கணக்கில் வராது.

நம் கடைக் கம்ப்யூட்டரும் பழையதுதானே. நாலு டிபி டிஸ்க் வாங்கி மாட்டியபோது பாதிதான் தெரிந்தது. நீங்கள் கடைக்காரனை ஏமாற்றுக்காரன் என்று திட்டினீர்கள். அப்புறம் நான் அந்தப் பெட்டியை வாங்கி வந்தேன், முழுசாகத் தெரிந்தது. எப்படி என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. வேலை நடந்தால் போதும் என்று விட்டுவிட்டோம். நடந்தது இதுதான். பெட்டிக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட், ஆழாக்குக்குப் பதில் படியால் அளந்து கம்ப்யூட்டருக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறது. படிக்கு எட்டு ஆழாக்கு. அதே சின்ன எண்ணுக்குள் எட்டு மடங்கு அடங்கிவிடும்.

நீங்கள் டிஸ்கைப் பெட்டியில் இருந்து எடுத்துவிட்டீர்கள். இப்போது கம்ப்யூட்டர் அந்த எண்ணைப் பார்த்து ஆழாக்கு என்று நினைத்துக்கொள்கிறது. எட்டில் ஒரு பங்குதான் தெரியும். அதுவும் தப்பான இடத்தில் போய்த் தேடும், ஒன்றும் கிடைக்காது. நாலு டிபியை எட்டால் வகுத்துப் பாருங்கள். ஐந்நூறு ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி என்று உங்கள் ரிச்சி தெருக்காரர் சொன்னாரே, அதுதான் வரும். யாரும் பார்ட்டிஷன் போடவில்லை, யாரும் அழிக்கவும் இல்லை. டிஸ்க் உனக்கு, பெட்டி அவளுக்கு என்று அண்ணன் நியாயம் பிரித்தாரே, அதில் வந்த வினை இது. நானும் வாயை மூடிக்கொண்டு வெறும் பெட்டியை வாங்கி வந்தேன்.

அதே பெட்டியில் திரும்ப மாட்டினால் எல்லாம் வந்துவிடும். பெட்டி என்னிடம் இருக்கிறது. மெயிலைப் பார்த்ததும் பதில் போடுங்கள். தயவுசெய்து.

கனிமொழி

*

ஆவடி
ஜூலை 14

கனிமொழிக்கு,

உன் மெயிலை நான் பார்த்தது வெள்ளிக்கிழமை. கடை மெயிலைத் தினமும் யார் பார்க்கிறார்கள்? அதற்குள் நீயே எங்கள் குவார்ட்டர்ஸ் வீடு வரை வந்து, பெட்டியைத் துணிப்பையில் போட்டு, "ஃபார்மேட் செய்யாதே, இதில் மாட்டு" என்று சீட்டும் எழுதி, கேட்டில் தொங்கவிட்டுப் போயிருக்கிறாய். எதிர்வீட்டுக் கலைவாணி பார்த்திருக்கிறாள். "உள்ள வாம்மான்னு கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள். உள்ளே வந்திருந்தால் நான் கடித்தா தின்றிருப்பேன்?

சீட்டைப் படித்ததும் இவர் வண்டியை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் பறந்தார். நல்லவேளை, வேலை அதிகமாம், கடைக்காரர் இன்னும் கை வைக்கவில்லை. பெட்டியில் மாட்டினேன். கனி, எல்லாம் வந்தது. ஒரு ஃபைல் குறையாமல் வந்தது.

ரேவதி கல்யாணத்தைப் போட்டோம். தாலி கட்டப் போகும் நேரம், அஞ்சலை கேமராவுக்கு நேராக வந்து நிற்கிறாள். "இன்னாமே, எம்மருமவள நல்லா புடி. மூஞ்சி பளிச்சுனு தெரியணும்" என்கிறாள். "நீங்க நவுந்தாத்தாம்மா தாலியே தெரியும்" என்று கேமராவுக்குப் பின்னால் உன் குரல். பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்கிறது. அது நான்தான்.

ரேவதி அழவில்லை. அஞ்சலை பேசும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னாள். "அன்னிக்கு எவ்ளோ ஆசையா கூப்ட்ச்சு பாருக்கா இந்தம்மா" என்றாள். நான் மறுபடி ஓட்டினேன்.

அவளுடைய வக்கீலம்மா சொல்கிறார்: வீடியோ நிஜம்தான் என்று படம் எடுத்தவரும் டிஸ்கை வைத்திருந்தவரும் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டுக்கும் வர வேண்டுமாம். நீ வந்தே ஆக வேண்டும். ஸ்டேஷன் விஷயம் தானாக ஆறிப்போகும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

கஸ்தூரி

*

அண்ணனூர்
ஜூலை 17

அக்கா,

கையெழுத்துப் போடுகிறேன். கோர்ட்டுக்கும் வருகிறேன். ரேவதிக்காக.

தானாக ஆறிப்போகும் என்றால் என்ன அர்த்தம்? அது நேற்று வைத்த சாம்பாரா? அடுத்தவர்கள் தங்கள் டிஸ்கை நம்பி என்னிடம் கொடுப்பதால்தான் எனக்கு வேலையே. டிஸ்கை அழித்தாள் என்று ஸ்டேஷனில் ஒரு காகிதம் கிடந்தால் என்னை யார் நிரந்தரம் செய்வார்கள்? உடனே போய்ப் புகாரை வாபஸ் வாங்குங்கள். "நான் எழுதியது தப்பு" என்று எழுதிக் கொடுங்கள்.

உங்கள் மெயிலை மறுபடி படித்துப் பார்த்தேன். எல்லாம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உன் மேல் அபாண்டமாகப் பழி போட்டேன் என்று எங்கேயும் இல்லை.

கனிமொழி

*

ஆவடி
ஆகஸ்ட் 21

கனி,

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நான் புகாரை வாபஸ் வாங்கவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டேன். "நாமளே போய் தப்புன்னு எழுதிக் குடுத்தா நம்ம மேல கேஸ் திரும்பும்" என்று இவர் வேறு பயமுறுத்தினார்.

நேற்று கிருபாகரனின் வக்கீல் அந்தப் புகாரின் நகலைக் கோர்ட்டில் எடுத்து நீட்டினார். "இந்த டிஸ்கில் தொழில் தெரிந்த ஆள் கை வைத்திருக்கிறார் என்று கடைக்காரப் பெண்மணியே போலீசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். காலியாக இருந்த டிஸ்கில் திடீரென்று கல்யாணம் எங்கே இருந்து வந்தது?" என்று கேட்டார். நீதிபதி வீடியோவைப் பார்க்காமலேயே விசாரணையை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைத்துவிட்டார். ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

உன் மேல் போட்ட கல், நேராக அவள் தலையில் போய் விழுந்திருக்கிறது. அடுத்த வாய்தாவில் நான் கூண்டில் ஏற வேண்டும். "அவசரத்துல எழுதிட்டேன், சரியா ஞாபகம் இல்லன்னு மழுப்பிடு. பொய்யின்னு மட்டும் ஒத்துக்காத" என்கிறார் இவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீயாவது சொல்.

கஸ்தூரி

*

அண்ணனூர்
ஆகஸ்ட் 22

அக்கா,

மழுப்பினால் ரேவதி தோற்றுவிடுவாள். இதில் புரிய என்ன இருக்கிறது?

படி, ஆழாக்கு விவகாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். லேப்டாப் கொண்டு வருகிறேன். டிஸ்கை வெளியே வைத்து ஒரு முறை, பெட்டியில் மாட்டி ஒரு முறை நீதிபதி முன்னாலேயே காட்டலாம். அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல என்னால் முடியும். ஆனால் கனிமொழி அழித்தாள் என்று எழுதியது நான் இல்லை. நான் அழிக்கவில்லை என்று நானே சொன்னால் அது குற்றவாளி பேச்சு ஆகிவிடும். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கனிமொழி

*

அண்ணனூர்
செப்டம்பர் 12

அக்கா,

நேற்று இரவு முழுக்க எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

நீங்கள் கூண்டில் ஏறி, "கனிமொழி டிஸ்க்குல எதையும் அழிக்கல. கோபத்துல நான் எழுதிக் குடுத்தது தப்பு" என்றீர்கள். டைப் அடிப்பவருக்குக் கேட்கவில்லை. நீதிபதி சத்தமாகச் சொல்லச் சொன்னார், சத்தமாகச் சொன்னீர்கள். வெளி வராந்தாவில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அது உங்களுக்குச் சுலபம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

டிஸ்கைப் பெட்டியில் மாட்டி ஓட்டி, அஞ்சலையின் குரல் ஹாலில் கேட்டபோது அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். வழக்கு முடியும்வரை ரேவதிக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்ததும், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மனசு நிறைந்துதான் இருந்தது.

அப்புறம் நீங்கள் என் பக்கமாக நடந்து வந்தீர்கள். பெஞ்சில் என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. வக்கீலம்மாவோடு பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனீர்கள். வாசலில் பஸ்ஸுக்கு நின்றேன். உங்கள் வண்டி என்னைத் தாண்டித்தான் ஆவடிப் பக்கம் திரும்பியது.

நீதிபதி கேட்டார், நீங்கள் பதில் சொன்னீர்கள். கேஸ் ஜெயிக்க வேண்டும், அதனால் சொன்னீர்கள். அந்த வக்கீல் புகாரை எடுத்து நீட்டாமல் இருந்திருந்தால் இந்த வார்த்தை எனக்கு எப்போதாவது கிடைத்திருக்குமா? அதைச் சாட்சி என்று கோர்ட் எழுதிக்கொள்ளட்டும். என்னால் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெட்டியும் டிஸ்கோடு கோர்ட்டிலேயே இருக்கட்டும். இரண்டையும் இனி பிரிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கனிமொழி

*

ஆவடி
செப்டம்பர் 13

கனி,

நீ அழிக்கவில்லை. அழிக்கிறவள் இல்லை என்று முதல் மெயில் எழுதும்போதே எனக்குத் தெரியும். எதிரில் ரேவதி உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கை காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. நீ ஊரில் இல்லாத ஆள் மாதிரி விலகிப் போயிருந்தாய், வசதியாக இருந்தது.

அன்றைக்குக் கோர்ட்டில் பெஞ்சில் இடம் இருந்ததைப் பார்த்தேன். உட்காரத் தைரியம் வரவில்லை.

இன்றைக்கு என்னை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. இதைச் சொல்வதால் ரேவதிக்கு ஒரு பைசா கூடுதலாக வரப்போவதும் இல்லை. நானாகத்தான் சொல்கிறேன். உன் மேல் பொய்ப் பழி போட்டேன், கனி. என்னை மன்னித்துவிடு.

கஸ்தூரி